கடக்கால் தோண்டும் முன்பே கரையும் பணம்: வேலை தொடங்கும் முன் வரும் செலவு யார் தலையில்?

1957 மே 20. நெய்வேலியில் சுரங்கம் தோண்டும் வேலையை அன்றைய பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். முதல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது 1961 ஆகஸ்ட்டில். அதை எரித்து மின்சாரம் எடுத்தது 1962-ல்.

நடுவில் நாலு வருஷத்துக்கும் மேலாக என்ன நடந்தது? மண் அள்ளினார்கள். தண்ணீர் இறைத்தார்கள். சாலை போட்டார்கள், பட்டறை கட்டினார்கள், ஆட்கள் தங்க வீடு கட்டினார்கள். நிலக்கரி மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண். அடுக்குக்குக் கீழே, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே தள்ளும் நிலத்தடி நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் நிலக்கரி அடுக்கே பிளந்து தண்ணீர் பீறிட்டு வரும். ஆக ஒரு டன் நிலக்கரிகூட விற்காமலேயே வருஷக்கணக்கில் செலவு மட்டும் ஓடியது. அரசு நிறுவனம் என்பதால் அரசு தாங்கியது.

அந்தச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்தான் வடக்குத்து. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் நெடுஞ்சாலையில், குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் இருக்கிறது. இங்கே ஒரு மனையில் வீடு கட்டினாலும் சரி, பக்கத்தில் ஒரு காம்பவுண்டு சுவர் டெண்டர் எடுத்தாலும் சரி, அதே கதைதான் சின்ன அளவில் நடக்கும். முதல் செங்கல் வைக்கும் முன்பே பணம் போகும். இங்கே தாங்க அரசு இல்லை. ஒன்று வீட்டுக்காரர் தாங்க வேண்டும், இல்லை கான்ட்ராக்டர் தாங்க வேண்டும். யார் என்று எழுதாமல் விட்டால் கடைசியில் இரண்டு பேரும் சண்டை போட வேண்டும்.

கட்டுமானத் துறையில் இதற்கு ‘மொபிலைசேஷன்’ என்று பெயர். ஆள், இயந்திரம், தண்ணீர், கரண்ட், கொட்டகை என எல்லாவற்றையும் தளத்துக்குக் கொண்டுவந்து, வேலை ஓடும் நிலைக்குத் தயார்படுத்துவது. தமிழில் ‘தள ஏற்பாடு’ என்று சொல்லலாம். இந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது, அதற்கு முன்பணம் உண்டா, அந்த முன்பணம் உண்மையில் யாருக்கு உதவுகிறது என்று பார்ப்போம்.

மனையில் இறங்கும் முன்

வடக்குத்துப் பக்கம் செம்மண் பூமி. முந்திரியும் பலாவும் நின்ற நிலம்தான் பல இடங்களில் மனையாகியிருக்கிறது. மரத்தை வெட்டியாச்சு என்று சொல்லி விற்றிருப்பார்கள். ஆனால் வேர்க்கட்டை மண்ணுக்குள் இருக்கும். அதைப் பிடுங்காமல் கடக்கால் போட்டால், வேர் மக்கிய பிறகு அந்த இடம் உள்வாங்கும். ஜேசிபி வைத்து வேரை எடுத்து, குழியை மண் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்ப வேண்டும். முதல் செலவு இது. சதுர அடி ரேட் பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

அடுத்து தண்ணீர். கலவை போட, க்யூரிங் பண்ண, ஆட்கள் குடிக்க, கழுவ என எல்லாவற்றுக்கும் வேண்டும். போர் போடுவது வீட்டுக்காரர் செலவா, கான்ட்ராக்டர் செலவா? பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் போடுவார், ஏனென்றால் போர் வீட்டோடு நிற்கப்போகிறது. எத்தனை அடியில் தண்ணீர் என்பது தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து மனைக்காரரைக் கேட்காமல் போர் வண்டியைக் கூப்பிடாதீர்கள்.

பிறகு கரண்ட். கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும். வீட்டு இணைப்பைவிட இதற்குக் கட்டணம் அதிகம். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மோட்டார் ஓட்டுவது பல இடங்களில் நடக்கிறது. மாட்டினால் அபராதம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் வரும். வாங்குகிற கரண்டைவிட அந்த நட்பின் விலை அதிகம்.

சிமெண்ட் கொட்டகையைச் சும்மா தகரம் நாலு என்று நினைக்கக் கூடாது. தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பத்து மூட்டைக்கு மேல் உயரம் போகக் கூடாது, அடி மூட்டை இறுகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டின் வலு குறையும். அதிலும் கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செப்டம்பரில் பூஜை போட்டு மொத்தமாக மூட்டை இறக்கியவர்கள் மழை முடியும்வரை தார்ப்பாய்க்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

இதோடு மண் பரிசோதனை, பிளான் போடுகிறவருக்கு ஃபீஸ், அளவை, அனுமதிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி, கம்பி மரம் வைக்க இடம், வாட்ச்மேன், கழிப்பறை. வெளியூர் ஆட்கள் என்றால் தங்க ஷெட், வந்து போகச் செலவு.

அனுமதி விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்கு, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. ஊராட்சிப் பகுதிகளுக்கும் இது உண்டு. ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த வாய்ப்பு கொடுத்தார்கள். அதைச் செய்யாத மனையை வாங்கி வைத்திருந்தால், உங்கள் தள ஏற்பாடு அந்தக் கோப்பிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

சதுர அடி ரேட்டுக்குள் ஒளிந்திருப்பது

“சார், சதுர அடிக்கு இவ்வளவு. எல்லாம் உள்ளே.” இந்த வாக்கியத்தில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். தள ஏற்பாட்டுக்கு 1.5 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு அது சதுர அடிக்கு 150 ரூபாய். 600 சதுர அடி வீட்டுக்கு 250 ரூபாய். வீடு சின்னதானால் சிமெண்ட் குறையும், கம்பி குறையும். கொட்டகையும் போரும் வாட்ச்மேனும் குறைவதில்லை. அதனால் சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே சதுர அடி ரேட் சொல்கிற கான்ட்ராக்டர், ஒன்று கணக்கு போடவில்லை, இல்லை எங்கேயோ குறைக்கப்போகிறார். அதே தெருவில் இன்னொரு வேலை ஓடுகிறது, கொட்டகையும் மிக்ஸரும் ஏற்கனவே அங்கே நிற்கிறது என்றால் அது வேறு விஷயம். குறைந்த ரேட்டுக்கு அது நியாயமான காரணம். கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

அரசு டெண்டரிலும் இதே ஒளிவுதான், கொஞ்சம் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் ரேட் இருக்கும்: மண் தோண்ட ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு, கான்கிரீட்டுக்கு இவ்வளவு. கொட்டகைக்கு வரி இருக்காது. தண்ணீர், கரண்ட், ஷெட், பாதை எல்லாம் கொடுத்த ரேட்டுக்குள் அடக்கம் என்று நிபந்தனையில் ஒரு வரி இருக்கும். மத்திய பொதுப்பணித் துறையின் ரேட் கணக்கில், பொருள் கூலிக்கு மேல் 15 சதவீதம் சேர்ப்பார்கள்: பாதி லாபம், பாதி மேற்செலவு. அந்த ஏழரை சதவீதத்துக்குள்தான் தள ஏற்பாடும், ஆபீஸும், சூப்பர்வைசர் சம்பளமும், நீங்கள் டெண்டர் எடுக்க அலைந்த பெட்ரோலும்.

டெண்டரில் 12 சதவீதம் குறைத்துப் போட்டு எடுத்தேன் என்று பெருமையாகச் சொல்கிற இளைஞர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சிவில் படித்துவிட்டு, இரண்டு வருஷம் சைட் இன்ஜினீயராக இருந்துவிட்டு, ‘நாமே எடுத்தால் என்ன’ என்று இறங்குகிறவர்களுக்கு கான்கிரீட் கணக்கு தெரியும். கம்பி கணக்கு தெரியும். முதல் பில் வரும்வரை கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற கணக்கைத்தான் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. சுரங்கமும் அனல் மின் நிலையமும் சுற்றிலும் இருக்கிற நெய்வேலிப் பகுதியில் இப்படி இறங்க ஆசை வருவது இயல்பு.

அவர்களுக்கு மாத வரிசை இப்படி ஓடும். டெண்டர் டெபாசிட் கட்டியாச்சு. வேலை கிடைத்ததும் செயல்பாட்டு உத்தரவாதமாக ஒப்பந்தத் தொகையில் சில சதவீதம். தளம் தயார் பண்ண ஒரு மாதம். வேலை ஒரு மாதம். அளவு எடுக்க, பில் தயாராக, பாஸாக இன்னும் சில வாரம். மூன்றாவது மாதக் கடைசியில் முதல் பணம் வந்தால் அதிர்ஷ்டம். ஆட்களுக்கோ வாரா வாரம் சனிக்கிழமை கூலி.

முன்பணம் உண்டு, ஆனால்...

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘மொபிலைசேஷன் அட்வான்ஸ்’. உலக அளவில் பெரிய ஒப்பந்தங்களுக்கு மாதிரியாக இருக்கும் ஃபிடிக் நிபந்தனைகளில் (1999 சிவப்புப் புத்தகம்) இது வட்டியில்லாக் கடன். வேலை கொடுப்பவர் முதலில் தருவார், பில்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்.

நம்ம ஊர் அரசு வேலைகளில் வட்டி உண்டு. மத்திய பொதுப்பணித் துறையின் நிபந்தனைப்படி ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை, வருஷத்துக்கு 10 சதவீத தனிவட்டியில், தவணையாகத் தருவார்கள். சின்ன வேலைகளுக்கு இது கிடையாது. கோடிகளில் போகும் வேலைகளுக்குத்தான், அதுவும் டெண்டர் நிபந்தனையில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டும்.

3 கோடி ரூபாய் வேலை என்று எடுத்துக்கொள்வோம். முன்பணம் 30 லட்சம். அதை வாங்க நீங்கள் கொடுக்க வேண்டியது முன்பணத்தில் 110 சதவீதத்துக்கு பேங்க் கேரண்டி, அதாவது 33 லட்சத்துக்கு. பேங்க் அதைச் சும்மா தராது. பழைய வாடிக்கையாளர், சொத்து அடமானம் இருக்கிறது என்றால் ஒரு பகுதியை டெபாசிட்டாகக் கேட்கும். புது ஆள், கணக்கு வழக்கு ஒன்றும் இல்லை என்றால் முழுத் தொகைக்கும் டெபாசிட் கேட்கலாம். அப்படிக் கேட்டால் என்ன ஆகிறது? 30 லட்சம் கடன் வாங்க 33 லட்சத்தை பேங்க்கில் பூட்டி வைக்க வேண்டும். அந்த 33 லட்சம் கையில் இருந்தால் முன்பணமே தேவையில்லையே!

இதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய முரண். பணம் இல்லாதவருக்கு உதவ வந்த முன்பணம், ஏற்கனவே பணம் உள்ளவருக்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது.

கைக்கு வருவதும் முழு 30 லட்சம் இல்லை. கட்டுமான ஒப்பந்தம் ஜிஎஸ்டி சட்டத்தில் சேவை. சேவைக்கு முன்பணம் வாங்கினாலே அப்போதே வரி கட்ட வேண்டும், வேலை முடியும்வரை காத்திருக்க முடியாது. ஒப்பந்தத் தொகை வரி உட்பட, வரி 18 சதவீதம் என்றால், 30 லட்சத்துக்குள் சுமார் 4.58 லட்சம் ஜிஎஸ்டி. சிமெண்ட், கம்பி வாங்கிய பில்லில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் முதல் மாதத்தில் இன்னும் எதுவும் வாங்கியிருக்கவே மாட்டீர்களே. இது போக வருமான வரிப் பிடித்தம்.

திருப்பிப் பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். முதல் 10 சதவீத வேலைக்குப் பணம் கொடுத்த பிறகு பிடித்தம் ஆரம்பிக்கும். 80 சதவீத வேலை முடிவதற்குள் முழுசும் பிடித்துவிட வேண்டும். நடுவில் இருப்பது 70 சதவீதம், நம் கணக்கில் 2.1 கோடி. அதில் 30 லட்சம் போக வேண்டும். ஆக ஒவ்வொரு பில்லிலும் ஏழில் ஒரு பங்கு போய்விடும். 21 லட்சத்துக்கு பில் போட்டால் 3 லட்சம் முன்பணத்துக்கு, மேலே வட்டி, மேலே பாதுகாப்பு வைப்புப் பிடித்தம். வேலை உச்சத்தில் ஓடுகிற, செலவும் உச்சத்தில் இருக்கிற மாதங்களில்தான் இந்தப் பிடித்தமும் நடக்கும். முன்பணத்தை லாபம் போல நினைத்து வண்டி வாங்கியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தளத்துக்கு இறக்கிய பொருள் மீது தரும் ‘செக்யூர்டு அட்வான்ஸ்’ பற்றிப் பலர் கேட்பதே இல்லை. கெட்டுப்போகாத பொருளை இறக்கி வைத்தால், அதன் மதிப்பில் பெரும் பகுதியை, பொருளையே ஈடாக வைத்துத் தருவார்கள். பேங்க் கேரண்டிக்கு அலைய வேண்டியதில்லை. கம்பி வாங்கியே பாதிப் பணம் முடங்குகிற வேலைகளில் இது மொபிலைசேஷன் அட்வான்ஸைவிடப் பயன்படும். டெண்டர் நிபந்தனையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விதி ஏன் இவ்வளவு கறார்?

ஏனென்றால் முன்பணம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. இந்த சைட் பணத்தில் அந்த சைட் ரூஃப் போடுவது, அந்த சைட் பில் வந்ததும் மூன்றாவது சைட்டுக்குக் கம்பி வாங்குவது. ஓடும்வரை ஓடும். ஒரு இடத்தில் பில் தள்ளிப்போனால் மூன்று சைட்டும் நிற்கும்.

மத்திய ஊழல் தடுப்பு ஆணையம் 2007-ல் இதைக் குறிப்பிட்டே ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டியில்லா முன்பணத்தை ஊக்குவிக்க மாட்டோம். திருப்பிப் பிடிப்பதை வேலையின் முன்னேற்றத்தோடு கட்டாமல் காலத்தோடு கட்டுங்கள். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் தேதி வந்தால் பிடியுங்கள் என்பது அதன் சாரம். வேலையோடு கட்டினால், வேலையே செய்யாமல் இருப்பவரிடம் எதையும் பிடிக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நிலத்தை ஒப்படைக்காமல், பாதை விடாமல், வரைபடம் தராமல் துறையே தாமதம் செய்தாலும் தேதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தளம் உங்கள் கைக்கு வரும் தேதி, பிடித்தம் ஆரம்பிக்கும் தேதி. முன்னது தள்ளிப்போனால் பின்னதும் தள்ளிப்போகும் என்று ஒரு வரி இருந்தால்தான் நிம்மதி.

வீட்டுக்காரர் பக்கம்

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டிய குடும்பங்களுக்குச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டுவது வாழ்நாள் செலவு. குவார்ட்டர்ஸில் போரும் கரண்டும் யாரோ பார்த்துக்கொண்டது. இங்கே எல்லாம் தன் கையிலிருந்து. அப்பா கட்டுகிறார், சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை லோன் எடுக்கிறார் என்பது வழக்கமான ஏற்பாடு. இதைப் போனில் படிக்கும் பலர் அந்தப் பிள்ளையாக இருப்பீர்கள்.

வீட்டுக் கடன் தள ஏற்பாட்டுக்கு உதவாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரை கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. மீதி உங்கள் பங்கு. அந்தப் பங்கைத்தான் முதலில் போடச் சொல்வார்கள். அப்புறம் கடக்கால், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகப் பணம் வரும். வேர் பிடுங்கியதற்கும் போர் போட்டதற்கும் கட்டம் கிடையாது. ஆக ‘என் பங்கு’ என்று ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும் கட்டுமானமாக மாறவே மாறாது. இதைக் கணக்கில் வைக்காதவர்கள் லிண்டல் மட்டத்தில் நகையை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கான்ட்ராக்டர் முன்பணம் கேட்பது தப்பில்லை. அவருக்கும் மிக்ஸர் கொண்டுவர, ஆட்களுக்கு அட்வான்ஸ் தரப் பணம் வேண்டும். எதற்கு என்று எழுதாமல் மொத்தமாகக் கொடுப்பதுதான் தப்பு. ‘சதுர அடி ரேட், இரண்டு லட்சம் அட்வான்ஸ்’ என்று வெள்ளைத் தாளில் எழுதுவதற்குப் பதிலாக, தள ஏற்பாட்டைத் தனி வரியாக, தனித் தொகையாகப் போடுங்கள். கொட்டகை நின்று, தண்ணீர் வந்து, மார்க்கிங் முடிந்தால் அந்தத் தொகை அவருக்குச் சொந்தம், அதைத் திருப்பிப் பிடிக்கப்போவதில்லை. அதற்கு மேல் கொடுப்பது மட்டும் முன்பணம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு கழியும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள். கான்ட்ராக்டர் ஒரு வாரம் முகம் சுளிப்பார். நல்ல கான்ட்ராக்டர் என்றால் அவருக்கும் இது வசதி, ஏனென்றால் நாளைக்கு நீங்கள் வேலையை நிறுத்தினாலும் ஏற்பாட்டுக்கான பணம் அவருக்கு உண்டு.

ஜிஎஸ்டியையும் முதலிலேயே பேசிவிடுங்கள். தனி வீட்டுக்குப் பொருள் நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் என்றால் வரி கிடையாது. பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் என்றால் பதிவு பெற்ற கான்ட்ராக்டர் 18 சதவீதம் போட வேண்டும். ‘எல்லாம் உள்ளே’ என்பதற்குள் இது இருக்கிறதா இல்லையா என்று கடைசிப் பில்லில் தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

கிளம்பும் செலவு என்றும் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் கொட்டகையைப் பிரிக்க, உடைந்த ஜல்லியையும் சென்ட்ரிங் பலகையையும் அள்ள, தற்காலிக இணைப்பை ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்க ஆள் வேண்டும். தகரமும் போர் மோட்டாரும் யாருக்கு? மீதி எம்-சாண்ட் யாருக்கு? கிரகப்பிரவேச நாளில் வாசலில் குப்பையும் வாக்குவாதமும் கிடப்பது பெரும்பாலும் இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதாததால்தான். தள ஏற்பாடு என்று தனி வரி போடும்போது அதன் கீழேயே ‘காலி செய்வது’ என்று இன்னொரு வரியும், அதற்கான தொகையும் போட்டுவிடுங்கள். அந்தத் தொகையை மட்டும் கடைசி வண்டி குப்பை போன பிறகு கொடுங்கள்.